காது அடைத்துக்கொண்டு போன கேட்டல் மாநாடு: ஊட்டிப் பயணம்

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இருந்து மாநாடு நடந்த ஹோட்டலுக்கு மேப்பில் இரண்டரை கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் கேட்டது 400 ரூபாய். "மேடு தம்பி, வண்டி திணறும்" என்றார். ஊட்டியில் மேடு இல்லாத இடம் எங்கே இருக்கிறது? 250-க்குப் பேசி ஏறினேன். இறங்கும்போது லக்கேஜுக்குத் தனியாக 50 என்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது, கையில் சுருட்டிய போஸ்டர் வேறு. கொடுத்துத் தொலைத்தேன். மழை இல்லாவிட்டால் நடந்தே போங்கள். மூச்சு வாங்கும், பணம் மிஞ்சும்.

மாநாடு கேட்டலைப் பற்றி. காது ஒலியை எப்படி வாங்குகிறது, மூளை அதை எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்கிறது என்பதுதான் விஷயம். கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டுகள், உளவியல்காரர்கள், மொழியியல்காரர்கள், நடுவில் என்னைப்போல ஃபெல்லோஷிப் பணம் வராமல் கடன் வாங்கி வந்த ஆராய்ச்சி மாணவர்கள் என்று நல்ல கூட்டம்.

போக நினைப்பவர்களுக்கு வழி, அறை, சாப்பாடு என்று வரிசையாகச் சொல்கிறேன். மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும். டிக்கெட் முன்பதிவிலேயே தீர்ந்துவிடும், எனக்கும் கிடைக்கவில்லை. சொந்தக் காரில் போனால் இ-பாஸ் கட்டாயம், 2024 மே மாதத்தில் இருந்து. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பஸ்ஸே தொல்லை. எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை. மூடாத ஜன்னல் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கடகடவென்று ஆட, டிரைவர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. போதாக்குறைக்கு எனக்கு ஜலதோஷம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240. பர்லியாறு தாண்டியதும் இரண்டு காதும் கும்மென்று அடைத்துவிட்டன. பக்கத்து சீட்டு அம்மா பையில் இருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்துக் கொடுத்து, "முழுங்கிக்கிட்டே வா தம்பி, விட்டுரும்" என்றார்.

சரியான வைத்தியம். நடுக்காதில் இருந்து தொண்டைப் பக்கம் இறங்கும் யூஸ்டேஷியன் குழாய் சாதாரணமாக மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் திறக்கும். மலை ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் காற்று பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் வம்பு. வெளியில் இருந்து காற்று உள்ளே போயாக வேண்டும், குழாய் லேசில் திறக்காது. சளியால் வீங்கியிருந்தால் ஏறும்போதே படுத்தும். ஜலதோஷம் இருக்கிறவர்கள் இறங்கும்போது தூங்காதீர்கள், வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டே வாருங்கள்.

இனி ஹால். இதைச் சொல்லத்தான் இவ்வளவு அவசரமாக எழுத உட்கார்ந்தேன். உயரமான கூரை, மூன்று பக்கமும் கண்ணாடி, மரத்தரை. திரைச்சீலை, கம்பளம் எதுவும் கிடையாது. கல்யாண போட்டோவுக்கு அருமையான இடம், பேச்சுக்கு உதவாது. வகுப்பறையில் எதிரொலி 0.6 நொடிக்குள் அடங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரநிலை. இங்கே ஒரு தடவை கைதட்டினால் அது கூரைவரை போய்ச் சுற்றிவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தது. முதல் உரையே எதிரொலியைப் பற்றித்தான்! உயிரொலி நீளமானது, வலுவானது. அது சுவரில் மோதித் திரும்பி வரும்போது அடுத்து வரும் மெல்லிய மெய்யொலியை மூடிவிடும் என்று பேச்சாளர் விளக்கினார். விளக்கியதில் பாதியை ஹால் மூடிவிட்டது. முன்வரிசையில் காதுக்கருவி போட்ட ஒரு மாணவி இருந்தார். கருவி பேச்சோடு எதிரொலியையும் சேர்த்துத்தான் பெருக்கும். இரண்டாவது உரையிலேயே அவர் கேட்பதை விட்டுவிட்டு ஸ்லைடுகளைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பேச்சை நேராகக் காதுக்கருவிக்கே அனுப்பும் இண்டக்ஷன் லூப் இல்லை, திரையில் எழுத்து ஓடவும் இல்லை. கேட்டலைப் பற்றிய மாநாட்டில் இது எனக்குக் கேவலமாகப் பட்டது. பதிவுக் கட்டணம் மட்டும் குறைவில்லை.

மதியம் கரண்ட் போனது. நல்லவேளை. நாற்காலிகளை இழுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போய்விட்டோம். அங்கே சுவரும் இல்லை, மைக்கும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் துல்லியமாக விழுந்தது. மிருதங்கக்காரர் ஒருவர், ஈரக்காற்றில் தோல் தளர்ந்திருக்கிறது என்று முணுமுணுத்தபடி கல்லால் விளிம்பைச் சுற்றித் தட்டித்தட்டி சுருதி சேர்த்தார். சி. வி. ராமன் 1920-இல் நேச்சர் இதழில் எழுதியதைத்தான் மிருதங்கத்தில் வாசித்துக் காட்டப் போகிறார் என்று அறிமுகம் செய்தார்கள். சாதாரண முரசில் மேல்சுரங்கள், அதாவது அடிப்படை ஒலியோடு சேர்ந்தே எழும் உயர்ந்த ஒலிகள், ஒன்றுக்கொன்று ஒழுங்கான மடங்குகளாக இருக்காது, அதனால் அதில் இன்ன சுருதி என்று காது பிடிக்க முடியாது. மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் அப்பியிருக்கும் கருப்புக் கரணையின் எடை அந்த மேல்சுரங்களை இழுத்து ஏறக்குறைய முழுமடங்குகளில் நிறுத்துகிறது. மிருதங்கக்காரர் விரலைத் தோலில் லேசாக வைத்து அடித்து ஒவ்வொரு மேல்சுரத்தையும் தனித்தனியாக எழுப்பினார். நான் இதைப் புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்தவன். காதால் கேட்டபோது புல்லரித்தது, குளிரால் இல்லை.

அடுத்து பேசியவர் கோத்தகிரிப் பக்கத்துப் படுகர், இளைஞர். நீலகிரிப் படுகர்கள் பேசும் படுக மொழியில் நாக்கை வளைத்துச் சொல்லும் உயிரொலிகள் உண்டு. 1930களில் நீலகிரியில் தங்கி ஆராய்ந்த மொழியியலாளர் எம். பி. எமனோ, சாதாரணம், அரை வளைவு, முழு வளைவு என்று மூன்று நிலைகளை 1939-இல் எழுதினார். இன்றைய இளைஞர்கள் பேச்சில் அது பெரும்பாலும் மங்கிவிட்டது. இவர் தன் பாட்டியின் குரலைப் போட்டு, இரண்டு சொல்லும் ஒன்றா வேறா என்று எங்களைக் கைதூக்கச் சொன்னார். ழகரத்தைச் சிறப்பாகச் சொல்வதாகப் பெருமைப்படும் நாங்கள் பாதிப் பேர் கோட்டை விட்டோம். உளவியலாளர் ஜேனட் வெர்கரின் 1984 ஆய்வையும் எடுத்துச் சொன்னார்: ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் இந்தியின் தகர டகர வேறுபாட்டைக் கேட்டுப் பிரிக்கும்; ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் குறைந்துவிடும்.

சாப்பாடு. மாநாட்டு மதிய உணவில் பனீர் ரப்பர், அதைப் பேச வேண்டாம். சாயங்காலம் கமர்ஷியல் ரோடு பக்கம் ஒரு டீக்கடையில் சூடான வர்க்கி, ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட். மேல் அடுக்கு நொறுங்கி ஸ்வெட்டர் முழுக்கத் தூள். சார்லஸ் ஸ்பென்ஸ், சாம்பினி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004-இல் உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிக்க வைத்து, கடிக்கும் சத்தத்தை ஹெட்ஃபோனில் கூட்டிக் கொடுத்தார்கள். உயர்ந்த சுருதி ஒலிகளைக் கூட்டியதும் அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாக, புதிதாகத் தெரிந்தது. 2008-இல் அதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசும் கிடைத்தது. என் காது அடைத்திருந்ததால் வெளிச்சத்தம் மங்கி, வர்க்கி நொறுங்குவது மண்டைக்குள்ளேயே கேட்டது. இன்னொன்று வாங்கினேன். அப்புறம் அரைக் கிலோ பொட்டலம் கட்டச் சொன்னேன். ஆட்டோவில் போன பணத்துக்கு இதில் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன், வயிறு எரிந்தது.

தொட்டபெட்டா, படகு சவாரி எதற்கும் போகவில்லை. அறையைப் பற்றி ஒன்றுதான்: வெந்நீர் எத்தனை மணி வரைக்கும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

கருத்துப் படிவத்தில் ஹாலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்த ஏற்பாட்டாளர் சிரித்தார். "கோயம்புத்தூர்ல நல்ல ஆடிட்டோரியம் இருக்கு. ஆனா ஊட்டின்னு போட்டாத்தானே எல்லாரும் வர்றீங்க?" மறுக்க முடியவில்லை. அடுத்தது கொடைக்கானலாம். வத்தலக்குண்டு வழி பஸ் எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஜன்னல் மூடுகிற பஸ்ஸாக இருந்தால் நல்லது.