இரண்டு ‘மொத்தம்’, நான்கு மாதம், ஏழு வரி

போன வாரம் ஒரு திறந்த மூலக் கம்பைலரில் என் திருத்தம் சேர்ந்தது. (கம்பைலர் என்றால் நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள். திறந்த மூலம் என்றால் அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம்.) ஏழு வரி, அதிலும் இரண்டு வரி கமென்ட், அதாவது படிப்பவருக்கான குறிப்பு. இதற்கு நான்கு மாதம் ஆனது என்று வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். எந்தக் கம்பைலர் என்று பெயர் போடப் போவதில்லை. நடந்த கூத்தில் முக்கால்வாசி என்னுடையது, பெயரைப் போட்டால் புகார் எழுதியதுபோல் ஆகிவிடும்.

சனிக்கிழமை மாலைகளில் வடசென்னை வியாசர்பாடியில் ஓர் இரவுப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு சி மொழி சொல்லித்தருகிறேன். நிரலில் மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்று சொன்ன நாளிலிருந்து வகுப்பில் உற்சாகம். (ஜிசிசி என்ற கம்பைலர் 2020-இல் வந்த 10-ஆம் பதிப்பில்தான் தமிழ் எழுத்தைப் பெயரில் நேரடியாக ஏற்றுக்கொண்டது. கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் அதற்குப் பல வருடம் முன்பே ஏற்றது.) ஒரு பையன் தெருவில் நடக்கும் கேரம் போட்டிக்குப் புள்ளி கூட்டும் நிரல் எழுதினான். பாதியை அவன் அடித்தான், பாதியை அவன் கூட்டாளி அடித்தான். ஓட்டினால் பிழை.

“அண்ணா, மொத்தம் மேலதான் வெச்சிக்கிறேன், இல்லேன்னு சொல்லுது. அம்புக்குறியும் வேற எங்கயோ கீது.”

பிழை இருக்கும் இடத்தைக் கம்பைலர் ஓர் அம்புக்குறி போட்டுக் காட்டும், அதைச் சொல்கிறான். புரொஜெக்டரில் எல்லாரும் பார்க்கிறார்கள். கம்பைலர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘மொத்தம்’ அறிவிக்கப்படவில்லை, ‘மொத்தம்’ என்றா சொல்ல வந்தீர்கள்? வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

அன்று இரவே திரையைப் போட்டோ எடுத்துப் பிழைப் புகார் பதிந்தேன். முதல் தவறு அதுதான். போட்டோவை யாராலும் நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. மறுநாளே ‘இது பிழையல்ல’ என்று மூடிவிட்டார்கள். கடுப்பில் நிரலைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரி.

‘மொத்தம்’ நமக்கு நான்கு எழுத்து. உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு முறைக்கு ஏழு குறி, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 21 பைட். ஆனால் இன்னொரு மாதிரியும் எழுதலாம். கொம்பையும் காலையும் ஒட்டி ஒரே குறியாக வைக்காமல் தனித்தனியாக வைத்தால் எட்டுக் குறி, 24 பைட். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. பையன் அடித்தது முதல் வகை. கூட்டாளிக்குப் பழைய தட்டச்சு விசைப்பலகைதான் பழக்கம், அதில் கொம்பும் காலும் தனித்தனிச் சாவி. கம்பைலருக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம், பிழைக்கு மேலேயே ஒரு எச்சரிக்கை இருந்திருக்கிறது. இந்தப் பெயர் என்எஃப்சி வடிவத்தில் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. என்எஃப்சி என்றால் ஒட்டக்கூடிய குறிகளை ஒட்டி எழுதும் வடிவம். நான் கடைசிச் செய்தியை மட்டும் படித்துவிட்டுச் சண்டைக்குப் போயிருக்கிறேன். பிள்ளைகளிடம் வாரம் தவறாமல் “முதல் செய்தியிலிருந்து படிங்க” என்று சொல்வதும் இதே ஆள்தான்.

சரி, பெயர்ச் சிக்கல் தீர்ந்தது. அம்புக்குறி?

அது உண்மையான பிழை. ஆனால் வீட்டில் வரவே மாட்டேன் என்றது. அதே கோப்பு, அதே பதிப்பு, அம்புக்குறி மிகச் சரியான இடத்தில் நிற்கிறது. பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை வகுப்பில் ஓட்டினால் மறுபடி தள்ளி நிற்கிறது. அந்த லேப்டாப்பில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்றே நினைத்தேன். வேறு வேலையாக வீட்டில், கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் சன்னலைச் சின்னதாக இழுத்தபோதுதான் மாட்டியது. வகுப்பில் பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கியிருப்பேன், அதனால் டெர்மினல் ஐம்பது கட்டம் அகலம்தான். வரி அதைவிட நீளமாக இருந்தால் கம்பைலர் இடது பக்கத்தை வெட்டிவிட்டுப் பிழை இருக்கும் பகுதியை மட்டும் காட்டும். தப்பு அந்த வெட்டும் கணக்கில். என் வீட்டு டெர்மினலில் வெட்ட வேண்டிய தேவையே வராது.

பிழை அறிக்கை எழுதுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிப்பு எண், கட்டளை வரி, கோப்பு மூன்றையும் கொடுத்தால் போதும் என்று நினைப்போம். செய்தி வடிவம் பற்றிய பிழை என்றால் டெர்மினல் அகலமும் வேண்டும். அதைக் கட்டளையிலேயே ‘மெசேஜ் லெங்த்’ என்று எண் கொடுத்துக் கட்டாயப்படுத்தலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. இது பின்னால் என் மானத்தை வாங்கியது, சொல்கிறேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிறு போதுமாக இருந்தது. வெட்டிய பகுதியில் எத்தனை கட்டம் போனது என்று எண்ணும் இடத்தில், ஒரு குறியின் அகலம் ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் ஒன்று என்று எடுத்துக்கொள் என எழுதியிருந்தது. சுழற்சி முடியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று யாரோ வைத்த தடுப்பாக இருக்கும். சீன எழுத்துக்கு அகலம் இரண்டு, அதற்குக் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் நம் புள்ளிக்கு அகலம் பூஜ்யம். மெய்யெழுத்தின் தலையில் உட்காரும், தனியாக இடம் கேட்காது. ஆக, வெட்டுப்பட்ட பகுதியில் எத்தனை புள்ளி உண்டோ அத்தனை கட்டம் அம்புக்குறி நகர்ந்துவிடும். ‘வியாசர்பாடி கேரம் போட்டி இறுதிச் சுற்று’ என்ற வரியில் புள்ளிக்கா பஞ்சம்?

இதில் ஒரு வேடிக்கை. யூனிகோடு பட்டியலில் ‘தி’யின் சுழி இடம் எடுக்கும் குறி, ‘தீ’யின் சுழி இடம் எடுக்காத குறி. நம் கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பி. ஏன் இப்படிப் பிரித்தார்கள் என்று ஒரு மணி நேரம் யோசித்தேன், வேலைக்கு ஆகவில்லை, விட்டுவிட்டேன். ஆனால் சோதனைக் கோப்பில் இரண்டையும் போட்டு வைத்தேன்.

அடுத்தது கம்பைலரைக் கட்டுவது, அதாவது அதன் மூல நிரலிலிருந்து ஓடக்கூடிய கம்பைலரை உருவாக்குவது. என் லேப்டாப்பில் எட்டு ஜிபி நினைவகம். இந்த வகைக் கம்பைலர் தன்னைத்தானே மூன்று முறை கட்டிக்கொள்ளும். முதலில் கணினியில் இருக்கும் கம்பைலர் புதியதைக் கட்டும். அந்தப் புதியது தன்னை மறுபடி கட்டும். அதில் பிறந்தது இன்னொரு முறை கட்டும். கடைசி இரண்டும் ஒத்துப்போனால்தான் தேறியதாகக் கணக்கு. நானும் கையேட்டில் இருந்தபடி அப்படியே ஆரம்பித்துவிட்டுப் படுத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா வந்து எழுப்பினார்கள். “இன்னாடா இது, மிக்ஸி மாதிரி கத்தினே கீது?” மின்விசிறி அப்படிச் சுற்றுகிறது. அரை மணி நேரத்தில் தண்டையார்பேட்டை முழுக்க கரண்ட் போய்விட்டது. என் பேட்டரியின் ஆயுள் இருபது நிமிடம்.

காலையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் சம்பந்தமே இல்லாத இணைப்புப் பிழைகள் கொட்டின. என் திருத்தம்தான் காரணம் என்று நினைத்து அரை நாள் அதையே பிராண்டினேன். கடைசியில் பார்த்தால், கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஒரு கோப்பு பூஜ்ய பைட்டில் கிடக்கிறது. கோப்பு இருக்கிறது, தேதியும் புதியது, அதனால் அதை மறுபடி கட்ட வேண்டியதில்லை என்று, கட்டும் வேலையை நடத்தும் மேக் என்ற கருவி முடிவு செய்திருக்கிறது. கரண்ட் போனால் காலிக் கோப்புகளைத் தேடி அழித்துவிட்டுத் தொடருங்கள். பூட்ஸ்ட்ராப் (மேலே சொன்ன மூன்று முறைக் கட்டு) வேண்டாம் என்று, கட்டும் முன் அமைப்பு சொல்லும் கான்ஃபிகர் கட்டத்திலேயே சொல்லிவிட்டால் ஒரு முறை கட்டினால் போதும். அனுப்பும் முன் மட்டும் ஒரு தடவை முழுதாகக் கட்டிப் பாருங்கள். எட்டு ஜிபிக்காரர்கள் ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் ஓட்டாதீர்கள். கம்பைலரின் மூல நிரல் களஞ்சியத்தை இறக்கும்போது வரலாற்றை வெட்டிக் கடைசி நிலையை மட்டும் இறக்கினால் இணையம் மிச்சம்தான், ஆனால் அந்தத் தடுப்பை யார் எப்போது வைத்தார்கள் என்று பிறகு பார்க்க முடியாது. நான் இரண்டு முறை இறக்கினேன்.

அப்புறம் தாள் பிரச்சினை. இந்த மாதிரித் திட்டங்களில் திருத்தத்தின் அடியில் ‘சைன்டு ஆஃப்’ என்று பெயரும் மின்னஞ்சலும் போட வேண்டும். நம் சுயசான்றொப்பம் மாதிரிதான்: இதை நான் எழுதினேன், கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது. 2004-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் தொடங்கிய வழக்கம். ஜிசிசியும் 2021-இல் இதை ஏற்றது, அதற்கு முன் பதிப்புரிமையை ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்புக்கு எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வரிதானே என்று போடப் போனவன், ‘உரிமை இருக்கிறது’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். என் வேலை ஒப்பந்தத்தில், பணிக்காலத்தில் எழுதும் எந்த நிரலும் நிறுவனத்துக்கே என்று ஒரு பத்தி உண்டு. சனி ஞாயிறு என் லேப்டாப்பில் எழுதியதும் அதில் சேருமா?

மனிதவளத் துறைக்கு மின்னஞ்சல் போட்டேன். பதிலில்லை. மறுபடி போட்டேன். “நேரில் வாருங்கள், படிவம் இருக்கிறது” என்றார்கள். நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறவன், அலுவலகமோ சிறுசேரியில். தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறி, கிண்டியில் இறங்கி, பேருந்து மாறி, ஓஎம்ஆர் சாலை நெரிசலில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தால், படிவம் தருகிற அம்மா அன்று வீட்டிலிருந்து வேலை. வரவேற்பில் இருந்தவர் சொன்னார்: “படிவம் போர்ட்டல்ல இருக்கே சார், டவுன்லோட் பண்ணிக்கலாமே.”

ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன். படிவத்தில் ‘இந்த வேலையால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எவர் பாதிக்கப்படுவார்?’ என்று ஒரு கேள்வி. கேரம் விளையாடும் பையன்கள் என்று எழுதக் கை துறுதுறுத்தது. ‘எவருமில்லை’ என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்து ஒற்றை வரியில் அனுமதி வந்தது. அந்த மின்னஞ்சலை அச்சிட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கதையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: நிரலைத் தொடும் முன்பே அனுமதி கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள். கம்பைலர் கட்டும் நேரத்தில் அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

திருத்தத்தை அனுப்பினேன். மின்னஞ்சலில் அப்படியே ஒட்டியதால் டேப் எல்லாம் இடைவெளியாக மாறி, அவர்கள் பக்கம் பொருந்தவில்லை. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியிலேயே அனுப்பும் வசதி இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். இரண்டாம் முறை சரியாகப் போனது, ஆனால் இத்தனை அலைந்து வாங்கிய உரிமைக்கான அந்த ‘சைன்டு ஆஃப்’ வரியைப் போட மறந்திருந்தேன். மூன்றாம் முறை எல்லாம் சரி. பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. திருத்தம் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு கேள்வி: “உங்கள் திருத்தத்தை எடுத்துவிட்டு ஓட்டினாலும் சோதனை தேறுகிறதே?”

காது சூடாகிவிட்டது. காரணம் அதே அகலம்தான். நான் கையால் ஓட்டிப் பார்த்தது சின்ன டெர்மினலில். சோதனைகள் வரிசையாக ஓடும்போது டெர்மினலே கிடையாது, வெளியீடு கோப்புக்குப் போகிறது, அதனால் எதையும் வெட்டுவதில்லை. பிழை எழவே வாய்ப்பில்லாத இடத்தில் பிழை இல்லை என்று நிரூபித்திருக்கிறேன். அன்று இரவுதான் கையேட்டில் ‘மெசேஜ் லெங்த்’ கண்ணில் பட்டது. ஐம்பது என்று கொடுத்தேன். திருத்தம் இல்லாமல் தோற்றது, இருந்தால் தேறியது. பதினோரு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். காசிமேட்டுப் பக்கமிருந்து காற்று நன்றாக வந்தது.

இன்னொரு சின்னக் கண்ணி. எதிர்பார்க்கும் செய்தியை டெர்மினலிலிருந்து நகலெடுத்தால் மேற்கோள் குறிகள் வளைந்தவையாக வரும். சோதனை ஓடும் சூழலில் நேர்க்குறிகள்தான். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் ஒரு மாலை போனது. மறுபடியும் ‘மொத்தம்’ கதைதான்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் மௌனம். அங்கே பெரும்பாலோர் வேறு வேலைகளுக்கு நடுவில் பார்க்கிறவர்கள் என்று தெரியும், இருந்தாலும் தினமும் இருபது முறை மின்னஞ்சலைத் திறந்தேன். வாரம் ஒருமுறை ‘நினைவூட்டுகிறேன்’ என்று ஒரு வரி போடுவது அங்கே தப்பில்லை என்று பிறகுதான் தெரிந்தது. போட்டேன். இரண்டு நாளில் சேர்த்துவிட்டார்கள்.

சனிக்கிழமை வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். உடனே ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். பாடசாலை லேப்டாப்பில் இருப்பது உபுண்டு இயங்குதளத்தின் நீண்டகாலப் பதிப்பு, அதில் கம்பைலரின் முதன்மைப் பதிப்பு எண் மாறாது. என் திருத்தம் அங்கே வர அடுத்த உபுண்டு பதிப்பு ஏற்ற வேண்டும். ஆகவே அம்புக்குறி இன்னும் தள்ளித்தான் நிற்கிறது. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி டெர்மினலை அகலமாக்கினேன், சரியாகிவிட்டது. பின்வரிசைப் பிள்ளைகள் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

கேரம் பையன் மட்டும் சொன்னான்: “நான் மொத்தத்தையே தூக்கிட்டேன்ணா. தொகைன்னு மாத்திட்டேன்.”

‘தொ’விலும் கொம்பும் காலும். ஓட்டினான். எச்சரிக்கையை இந்த முறை நான் முதலில் படித்தேன்.