மெதுவாக வாசியுங்கள் என்றவர்

காலையிலிருந்து அமெரிக்கக் கறுப்பின இசையமைப்பாளர் ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' என்ற பியானோ இசைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. இடது கை தாளம் பிசகாமல் நடக்கிறது. வலது கையோ அடி விழ வேண்டிய இடத்தை விட்டுத் தள்ளித் தள்ளி விழுகிறது. அந்த இடறலில்தான் உயிரே இருக்கிறது. 1899-இல் இசைத்தாளாக வெளியானது, பிரதிக்கு ஒரு சென்ட் அவருக்கு உரிமைத்தொகை.

இப்படித் தாளம் தள்ளி விழும் இசைக்கு ராக்டைம் என்று பெயர். அதை வேகமாக வாசிக்காதீர்கள் என்று இசைத்தாளிலேயே அச்சிட்டவர் அவர். அப்பா அடிமையாகப் பிறந்தவர்.

'ட்ரீமோனிஷா' என்று முழு ஆப்பெராவே, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகமே எழுதினார். பதிப்பிக்க ஆளில்லை, 1911-இல் தானே அச்சிட்டார். 1915-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் அரங்கேற்றியபோது வாத்தியக் குழு கிடையாது, காட்சி ஜோடனை கிடையாது. அத்தனை வாத்தியங்களுக்கும் பதிலாக அவர் ஒருவரே பியானோவில் உட்கார்ந்தார். அந்தக் காட்சியை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது.

1917-இல் மனநல மருத்துவமனையில் இறந்தார். கல்லறையில் பெயர்க்கல் வைக்க 1974 ஆகிவிட்டது.