பசுமை கூடினால் உற்பத்தியும் கூடிவிட்டதா?

நகரம் விரிந்த இடத்தில் தாவர உற்பத்தி, அதாவது செடிகள் ஒளிச்சேர்க்கையால் சேர்க்கும் கரிமம், என்ன ஆனது என்று கேட்டால், பலரும் இரண்டு வருடத்து என்டிவிஐ (செயற்கைக்கோள் படத்தில் பசுமையை அளக்கும் குறியீடு) வரைபடங்களைக் கழித்துக் காட்டிவிடுகிறார்கள். அந்த ஒரே எண்ணுக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன: கட்டடமும் சாலையும் விழுங்கிய பரப்பு, மிச்சமிருக்கும் மரம் செடிகள் நகரச் சூழலில் வளரும் விதம், நகரத்தைத் தாண்டியும் மாறிவரும் வெப்பமும் மழையும். இவற்றைப் பிரிக்காமல் சொல்லும் முடிவு நிற்காது.

முதலில் பரப்பு. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தின் ஒரு பிக்சல் 900 சதுர மீட்டர். நகரோரத்தில் கூரை, தார், மரம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அதில் எத்தனை பங்கு மூடப்பட்டிருக்கிறது என்பதை இன்னும் நுணுக்கமான படத்திலிருந்து எடுங்கள். முழுக்கத் தாவரமாக உள்ள அக்கம்பக்கப் பிக்சல்கள் என்டிவிஐ 0.60, முழுக்க மூடியவை 0.08 காட்டினால், பாதி மூடிய பிக்சலில் 0.34 வர வேண்டும். 0.39 வந்தால், மிச்சமுள்ள பாதி 0.70 அளவுக்குப் பசுமையாக இருக்கிறது என்று பொருள். பாசனமோ, நீண்ட வளர்பருவமோ, வயல் போய் மரம் வந்ததோ காரணமாகலாம். என்டிவிஐ இந்தக் கலவைக் கணக்கில் துல்லியமான நேர்கோட்டில் போகாது. ஈவிஐ என்ற இன்னொரு பசுமைக் குறியீடு இதற்குக் கொஞ்சம் தேவலை.

ஆனால் இலை பச்சையாக இருப்பதும் அது கரிமம் சேர்ப்பதும் ஒன்றல்ல. 25 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் இருந்தால் ஆவியழுத்தக் குறைவு (காற்று இன்னும் எவ்வளவு நீராவியை ஏற்கும் என்பதன் அளவு) சுமார் 1.27 கிலோபாஸ்கல். காற்றிலுள்ள நீராவி மாறாமல் வெப்பம் மட்டும் 28 டிகிரிக்கு ஏறினால் அது 1.88 ஆகிவிடும். வெறும் 3 டிகிரிக்கு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுதல்! நீரை இழக்காமலிருக்க மரம் இலைத்துளைகளை மூடும், ஒளிச்சேர்க்கை குறையும், இலை மட்டும் அதே பச்சையில் நிற்கும். நகர வெப்பத்தின் மிகுதி பெரும்பாலும் இரவில்தான் தெரியும். இரவில் வரவு கிடையாது, சுவாசச் செலவு மட்டும்தான். வெப்பம் ஏற ஏற அந்தச் செலவும் ஏறும். மொத்த உற்பத்தியில் தோராயமாகப் பாதியைச் செடியே சுவாசித்துத் தீர்த்துவிடுவதால், இதைக் கணக்கில் விட்டால், சுவாசம் போக மிஞ்சும் நிகர உற்பத்தி பொய்யாகும். குளிர்ப் பகுதியில் இதே வெப்பம் துளிர்ப்பை முன்னே இழுத்து நன்மை செய்யலாம். ஆகவே வெவ்வேறு காலநிலை நகரங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள்.

காலநிலையைப் பிரிக்க, வளர்பருவ மழையையும் வெப்பத்தையும் வைத்துப் பின்னடைவுச் சமன்பாடு (ரிக்ரஷன்) போட்டு, அவற்றால் விளக்க முடியாமல் எஞ்சுவதன் போக்கைப் பார்ப்பது வழக்கம். மழைக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை தாமதம் வைத்துச் சோதியுங்கள். இதில் ஒரு பொறி உண்டு: காற்றில் கூடிவரும் கரியமில வாயுவின் விளைவும் எஞ்சியதில் தங்கி, நகரத்தின் கணக்கில் ஏறிவிடும். அதனால் நகரத்துக்கு வெளியே, அதே உயரத்தில், நிலப்பயன்பாடு மாறாத பிக்சல்களை ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வையுங்கள்.

தரவே ஏமாற்றும் இடங்களும் உண்டு. சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் 2022 ஜனவரி 25 முதல் ஒளிப் பிரதிபலிப்பைக் குறிக்கும் எண்களோடு 1000 கூட்டித் தரப்படுகிறது. சிவப்பு 400, அண்மை அகச்சிவப்பு 3000 என்றால் என்டிவிஐ 0.76. அந்த 1000-ஐக் கழிக்க மறந்தால் 1400, 4000 ஆகி 0.48-க்கு விழும், ஒரு மரமும் வெட்டப்படாமலேயே வரைபடத்தில் காடு அழிந்திருக்கும். மோடிஸ் என்ற செயற்கைக்கோள் உணரியின் வருடாந்தர நிகர உற்பத்தித் தரவு நகரப் பிக்சல்களைக் கணிப்பதே இல்லை. அங்கே 32762 என்ற அடையாள எண்தான் இருக்கும். அதை நீக்காமல் 0.0001-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 3.28 கிலோ கரிமம் வரும், வெப்பமண்டல மழைக்காட்டையும் மிஞ்சி. நகருக்குள் உற்பத்தி வேண்டுமென்றால் 30 மீட்டர் தரவில் ஒளிப்பயன் மாதிரியை நீங்களே ஓட்டுவதுதான் வழி: தாவரம் உறிஞ்சும் ஒளியை, அந்த ஒளியைக் கரிமமாக மாற்றும் ஒளிப்பயன் திறனால் பெருக்கி, வெப்பத்துக்கும் ஆவியழுத்தக் குறைவுக்கும் ஏற்ப அந்தத் திறனைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த வெப்பத்தையும் ஈரத்தையும் நகருக்குள் இருக்கும் நிலையங்களிலிருந்தே எடுங்கள். விமான நிலையத்துப் பதிவு திறந்தவெளியின் பதிவு. நெருங்கிய தெருக்களின் இரவு வெப்பம் அதில் வராது.