ஓடாத வேலைக்கு எர்ரர் வராது

கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காட்டுப் பக்கம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் வட்டாரத்தில் சில பால் சொசைட்டிகளின் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. காலையும் மாலையும் பால் ஊற்றி முடிந்ததும் லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) மூன்றும் சொசைட்டி கம்ப்யூட்டரில் ஏறிவிடும். இரவில் சர்வரில் கிரான், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல், அதையெல்லாம் வாங்கி, விலைப்பட்டியலோடு பொருத்தித் தொகை போடும். பால் ஊற்றினவர் போனுக்கு எஸ்எம்எஸ் போகும். பேக்கப் எடுக்கும். வாரக் கணக்கு முடியும்போது பேங்குக்கான ஃபைலும் தயாராகும். எல்லாமே ஆள் இல்லாத நேரத்து வேலைகள்.

இதில் எஸ்எம்எஸ் ஒருநாள் நின்றுபோனது. எங்கள் மானிட்டரிங் அதைச் சொல்லவில்லை. சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, வெப்சைட் திறந்தது, சிபியு, மெமரி, டிஸ்க் எல்லாம் பச்சையாகவே காட்டின. சொசைட்டிக்கு வேறு வேலையாகப் போயிருந்தபோது, பால் ஊற்ற வரிசையில் நின்ற ஓர் அக்கா கேட்டார்: "ஏனுங் தம்பி, மெசேஜே வர்றதில்லீங்களே, நிறுத்திப்போட்டீங்களா?" பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். பார்டரில் போன் கேரளா டவரையும் தமிழ்நாட்டு டவரையும் மாற்றி மாற்றிப் பிடிக்கும். அதனால் சிக்னல் கோளாறு என்று நினைத்து எல்லோரும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

சர்வர் தன் நடப்புகளைக் குறித்துவைக்கும் சிஸ்லாகைத் திறந்து தேடினேன். அந்த வேலை தோற்றுப்போனதாக ஒரு வரிகூட இல்லை. ஓடியதாகவும் ஒரு வரி இல்லை. பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றிக் கொடுத்த ஒப்பந்தக்காரர்கள், 'கிரான்.டி' ஃபோல்டருக்குள் இருந்த அந்த ஃபைலின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் பழைய சர்வரின் பெயரும் சேர்த்து வைத்திருந்தார்கள். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளின் கிரானில் ஒரு விதி உண்டு: அந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைல் பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு மட்டுமே இருக்கலாம். புள்ளி இருந்தால் அந்த ஃபைலை அது கண்டுகொள்வதே இல்லை. எச்சரிக்கையும் கிடையாது. மாற்றிய நாளிலிருந்தே அந்த வேலை ஒருமுறையும் ஓடவில்லை.

தோற்றுப்போகிற வேலையைப் பிடிக்க ஆயிரம் வழி இருக்கிறது. ஓடவே ஓடாத வேலை லாக் எழுதாது, எர்ரர் கோடு தராது, மெயிலும் அனுப்பாது. அதைப் பிடிக்க வேண்டுமானால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்குக் காவல் இருப்பவர் ராத்திரி அவ்வப்போது குரல் கொடுப்பார். குரல் வராவிட்டால்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்போம். சர்வரில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் அப்படி ஒரு குரல் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்னால், என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்ற கணக்கே எங்களிடம் முழுசாக இல்லை. ஒவ்வொரு யூசரின் கிரான்டாப் (கிரானுக்கான வேலைப் பட்டியல்), பொதுவான கிரான்டாப், கிரான்.டி, தினசரி, வாராந்திர ஃபோல்டர்கள், கிரானைப் போலவே நேரம் பார்த்து ஓட்டும் சிஸ்டம்டி டைமர்கள் என்று எல்லா இடத்தையும் துழாவி ஒரு ஷீட்டில் எழுதினேன். ஓட வேண்டிய நேரம், எடுக்கும் நேரம், ஓடாவிட்டால் முதலில் யாருக்கு அடி என்று எல்லாவற்றையும் குறித்தேன். இதில்தான் நாள் அதிகம் போனது. ஆனால் இதைத் தாண்டிக்கொண்டு கருவிக்குப் போகவே கூடாது. ஷீட்டில் இல்லாத வேலையை எந்தக் கருவியும் காவல் காக்காது.

பேக்கப் ஃபோல்டரைப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. தினமும் ஒரு ஃபைல், தேதி போட்டு, வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் அளவும் 20 பைட். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸிலிருந்து டம்ப் (முழு நகல்) எடுத்து, ஒரு கட்டளையின் அவுட்புட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப் வழியாக, ஃபைலைச் சுருக்கும் ஜிஜிப்புக்குக் கொடுக்கும் ஒற்றை வரி அது. பாஸ்வேர்டு வைத்திருந்த ஃபைல் புதிய சர்வருக்கு வரவில்லை. டம்ப் முதல் அடியிலேயே மறுக்கப்பட்டது, ஜிஜிப்போ தனக்கு வந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி வைத்தது. ஒன்றுமே இல்லாததைச் சுருக்கினால் 20 பைட் வரும். பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் கட்டளைகளை ஓட்டும் ஷெல் எடுத்துக்கொள்ளும், ஆகவே விடை பூஜ்யம், அதாவது வெற்றி. எர்ரர் செய்தியைக் கிரான் மெயிலாக அனுப்பப் பார்த்திருக்கிறது. மெயில் அனுப்பும் மென்பொருளே அந்த சர்வரில் இல்லாததால், அவுட்புட்டைத் தூக்கிப் போட்டுவிட்டதாக லாகில் ஒரு வரி மட்டும் இருந்தது. பழைய சர்வரை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தோம், அன்றைக்கே இரண்டிலிருந்தும் முழு டம்ப் எடுத்து வெளியே கொண்டுபோனோம். பிறகு ஸ்கிரிப்டை பாஷ் என்ற ஷெல்லில் எழுதி, 'பைப்ஃபெயில்' போட்டேன். இப்போது பைப்பில் எது உடைந்தாலும் மொத்தமும் தோல்வி.

குரல் கேட்கும் இடத்துக்கு ஹெல்த்செக்ஸ் என்ற திறமூல மென்பொருளை எடுத்துக்கொண்டேன். பைதான் மொழியின் ஜாங்கோவில் எழுதப்பட்டது, நம் இடத்திலேயே நிறுவிக்கொள்ளலாம். வேறொரு நிறுவனத்தின் மிஷினில் நிறுவினேன். காவல் காக்கும் சர்வரிலேயே வைத்தால் அது விழும்போது காவலும் சேர்ந்து விழும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முகவரி கிடைக்கும். வேலை முடிந்ததும், இணைய முகவரிகளைக் கூப்பிடும் கர்ல் என்ற கட்டளை அந்த முகவரியைத் தட்ட வேண்டும். சொன்ன நேரமும் அதற்கு மேல் கொடுத்த சலுகை நேரமும் தாண்டியும் தட்டல் வராவிட்டால் நமக்கு அலாரம்.

தட்டலை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். வேலைக்குப் பிறகு அரைப்புள்ளி போட்டுக் கர்லை எழுதினால், வேலை தோற்றாலும் தட்டல் போய்விடும். '&&' போட்டால் ஜெயித்தால்தான் போகும். கர்லுக்குப் பத்து விநாடி வரம்பும், சில மறுமுயற்சிகளும் கட்டாயம் கொடுங்கள். காவல் மிஷின் தொங்கினால் நம் வேலையும் கூடவே தொங்கக் கூடாது. தொடங்கும்போதும் ஒரு தட்டல் அனுப்பினால் எவ்வளவு நேரம் ஓடியது என்பதும் தெரியும். தொகை போடும் வேலை நாளுக்கு நாள் மெதுவாகிக்கொண்டே போவது அப்படித்தான் தெரிந்தது. ஒரு டேபிளில் தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் இல்லை.

ஆனால் ஓடி முடிந்தது என்பது மட்டும் போதாது. எஸ்எம்எஸ் வேலை சுழியம் பேருக்கு அனுப்பிவிட்டு வெற்றி என்று சொல்ல முடியும். அதனால் தட்டலுக்கு முன்னால் விளைவைப் பார்க்கச் சொன்னேன்: அன்று பால் ஊற்றியவர்கள் எண்ணிக்கையும் போன மெசேஜ் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும், பேக்கப் நேற்றையதைவிட வெகுவாகச் சிறுத்திருக்கக் கூடாது. இல்லாவிட்டால் தோல்வித் தட்டல்.

நேரக் குழப்பம் தனியாக வாட்டியது. சர்வர் யூடிசியில், அதாவது நமக்கு ஐந்தரை மணிநேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில், ஓடியது. நள்ளிரவு என்று நினைத்து வைத்த வேலை நமக்குக் காலை 5.30க்கு ஓடும், அது முதல் கேன் வந்து இறங்குகிற நேரம். காலைப் பால் சிலநாள் முந்தைய நாள் கணக்கில் விழுந்ததற்குக் காரணம் அதுதான். காவல் பக்கத்திலும் அட்டவணையோடு நேர மண்டலத்தைச் சேர்த்தே பதிய வேண்டும்.

சொசைட்டி கம்ப்யூட்டர்கள் வேறு கதை. தென்மேற்குப் பருவக்காற்றில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. குறித்த நேரத்தில் மிஷின் அணைந்திருந்தால் கிரான் அந்த முறையை விட்டுவிடும், பிறகு நினைவூட்டிக்கொள்ளாது. அங்கே எல்லாவற்றையும் சிஸ்டம்டி டைமருக்கு மாற்றி 'பெர்சிஸ்டெண்ட்' வசதியைப் போட்டேன். கரண்ட் வந்து மிஷின் எழுந்ததும் விட்டுப்போன வேலையை ஓட்டிவிடும். அவற்றுக்குச் சலுகை நேரத்தையும் தாராளமாகக் கொடுத்தேன். இறுக்கிப் பிடித்தால் மழைக்காலம் முழுக்கப் பொய் அலாரம்தான், பொய் அலாரத்துக்குப் பழகிய ஆள் நிஜ அலாரத்துக்கும் எழமாட்டார்.

அலாரம் யாருக்கு, எந்த வழியில் என்பதில் மெயிலை நான் நம்பவில்லை. நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லாபில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததை இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். தவறுதலாக முதன்மை டேட்டாபேஸ் அழிந்தது. பேக்கப்பைத் தேடினால் காலி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 9.6 பதிப்புக்கு, 9.2 பதிப்பு டம்ப் கருவி ஓடித் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வி மெயில்கள், மெயில் போலியில்லை என்று சரிபார்க்கும் டிமார்க் சரியாக இல்லாததால் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. சுமார் ஆறு மணிநேரத் தரவு திரும்பி வரவே இல்லை. அதை மறைக்காமல் முழுசாக எழுதி வெளியிட்டார்கள், அந்த நேர்மைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் அலாரம் டெலிகிராம் குழுவுக்குப் போகிறது. பேங்க் ஃபைலும் பேக்கப்பும் மட்டும் போன் அழைப்பாகவே வரும்.

வெப்சைட்டின் பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய டிஎல்எஸ் சான்றிதழின் புதுப்பிப்பும் ஒரு கிரான்தான். அந்தச் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், காலாவதி நினைவூட்டல் மெயில்களை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. அதனால் அந்த வேலைக்கும் தட்டல், கூடவே சான்றிதழின் மீதி நாளை வெளியிலிருந்து பார்க்கும் தனிச் சோதனை.

மீட்டுப் பார்க்கும் சோதனை மாதம் ஒருமுறை நடக்கிறது. பேக்கப்பை வேறொரு மிஷினில் விரித்து, ஏதோ ஒரு நாளின் மொத்த லிட்டரை எடுப்பேன். சொசைட்டி செக்ரட்டரி அண்ணன் கையால் எழுதும் பதிவேட்டை விடவில்லை. போன் போட்டுத் தேதியைச் சொன்னால் பக்கத்தைப் புரட்டி எண்ணைப் படிப்பார். "காலையில எவ்வளவு, சாயங்காலம் எவ்வளவு, தனித்தனியா சொல்லட்டுங்களா?" என்பார். தனித்தனியாகவே சொல்லச் சொல்லி, இரண்டையும் குறித்துக்கொண்டு சரிபார்க்கிறோம்.