ஏழு கிணற்றில் ஒரு காலை

சென்னை மின்ட் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு ஏழு கிணறு போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. தெருவோரத்து அடிபம்ப்பில் ஒரு ஆயா பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். குடத்தின் கழுத்து மட்டும் பளபளவென்று மஞ்சளாகிவிட்டது. வயிற்றில் இன்னும் கருப்பு.

"கெணறு எங்க ஆயா இருக்கு?"

"நீ நிக்கிற ஊரே கெணறுதான் கண்ணு. பத்து தோண்டுனாங்களாம், ஏழுலதான் நல்ல தண்ணி ஊறிச்சாம். அதான் பேரு."

அவருடைய பாட்டி சொன்ன கதையாம். மைசூர் ஹைதர் அலியின் ஆட்கள் கிணற்றில் விஷம் கலந்துவிடுவார்களோ என்று பரம்பரைக் காவல் போட்டிருந்தார்கள் என்று இன்னொரு கதையும் சொன்னார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1769-ல் ஹைதர் அலி சென்னை வாசல் வரை வந்து ஆங்கிலேயக் கும்பினியாரை உடன்படிக்கைக்கு இழுத்தார். கோட்டைக்குள்ளோ உப்புத்தண்ணீர். முற்றுகை என்றால் முதலில் வற்றுவது தொண்டைதான். மூன்றே வருடத்தில், 1772-ல், கேப்டன் பேக்கரின் திட்டப்படி இங்கிருந்து ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் போனது. ஒரு நாளைக்கு சுமார் 6.35 லட்சம் லிட்டர். சென்னையின் முதல் குடிநீர்த் திட்டம் இது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஊரே கொண்டாட வேண்டிய இடம். எனக்கோ கிணறுகள் இருக்கும் வளாகத்தின் மதில் சுவர் வரைக்கும்தான் போக முடிந்தது. மனசு கனத்துப்போனது.

சரி, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று வீராசாமி தெருவுக்கு நடந்தேன். வள்ளலார் சிறுபிள்ளையாக வந்து, 1858-ல் சென்னையை விட்டுப் போகும் வரை வாழ்ந்த வீடு அங்கே இருக்கிறது. இங்கிருந்துதான் கந்தகோட்டத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடந்து போவார். வாசலில் நின்றபோது ஒன்று தோன்றியது. புழல் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்ததே 1872-ல்தான். அப்படியென்றால் அவர் குடித்து வளர்ந்தது இந்த மண்ணில் ஊறிய கிணற்றுத் தண்ணீராகத்தான் இருந்திருக்க வேண்டும். உடம்பு சிலிர்த்தது.

திரும்பி வரும்போது ஆயா குடத்தை முழுசாகத் தேய்த்து முடித்திருந்தார். வீட்டுக்குள் போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடி கண்ணு, வெயில்ல அலைஞ்சிருப்ப." அண்ணாந்து, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன்.