பதினோராவது கேள்வி

நாடகக் குழு ஒன்றின் நடிகர் தேர்வுக்கான விண்ணப்பப் படிவத்தில் பதினோராவது கேள்வி இது: "இடுக்கமான இடத்தில் நீண்ட நேரம் இருப்பதில் அச்சமோ உடல்நலச் சிக்கலோ உண்டா?" சரியாகப் படிக்காமலே "இல்லை" என்பதில் குறியிட்டேன். என் கவனமெல்லாம் நான்காவது கேள்வியில் இருந்தது. எந்த வேடத்தை விரும்புகிறீர்கள் என்று அதில் கேட்டிருந்தார்கள். கொட்டை எழுத்தில் "நெப்போலியன்" என்று எழுதினேன். என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இந்த உயரத்தால் வாழ்க்கையில் நான் கண்ட லாபம் எதுவுமில்லை. இப்போதாவது கிடைக்கட்டுமே என்று ஒரு நப்பாசை.

தன்னார்வலர்களே நடத்தும் சிறு நாடகக் குழு அது. நடிப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வாரத்தில் மூன்று மாலை ஒத்திகை, எட்டு வாரங்கள். நான்கே நடிகர்கள், பதினான்கு வேடங்கள். நகைச்சுவை நாடகம்தான் என்றாலும் கதையின் அடிப்படை உண்மையாக நடந்தது. 1770இல் வோல்ஃப்காங் வான் கெம்பலன் என்பவர் வியன்னாவில் பேரரசி மரியா தெரசாவின் முன்னால் சதுரங்கம் ஆடும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒரு பெரிய மரப்பெட்டி, அதன் பின்னால் தலைப்பாகையும் துருக்கிய அங்கியும் அணிந்த பொம்மை. பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே இருக்கும் பல்சக்கரங்களைக் காட்டுவார்; சாவி கொடுப்பார்; பொம்மை கையை நீட்டிக் காய் நகர்த்தும். பெரும்பாலும் ஜெயித்தும்விடும். உள்ளே ஓர் ஆள் ஒளிந்திருந்தார் என்பதுதான் சூட்சுமம். ஒரு கதவைத் திறந்தால், சறுக்கும் இருக்கையில் அவர் அடுத்த பக்கம் நகர்ந்துவிடுவார். 1854இல் தீக்கிரையாவதற்குள் அந்தப் பெட்டி இரண்டு கண்டங்களுக்கு வேடிக்கை காட்டிவிட்டது.

கெம்பலன் இறந்த பிறகு மெல்செல் என்பவர் அதை வாங்கினார். அவர் கையில் இருந்தபோதுதான், 1809இல், ஷோன்புருன் அரண்மனையில் நெப்போலியன் அதனுடன் ஆடினார். வேண்டுமென்றே விதியை மீறிக் காய் நகர்த்தினாராம். பொம்மை அந்தக் காயை எடுத்துப் பழைய கட்டத்திலேயே வைத்தது. மறுபடி மீறினார். காயைப் பலகையை விட்டே எடுத்துவிட்டது. மூன்றாம் முறையும் மீறியபோது கையை ஒரு வீச்சு வீசி எல்லாக் காய்களையும் தள்ளிவிட்டது. இப்படித்தான் கதை சொல்கிறார்கள். நாடக ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்? மூன்றாவது அடியில் சிரிப்பு வெடிக்கும்படி வரலாறே எழுதிக் கொடுத்துவிட்டது.

இரண்டு நிமிடத் தனி வசனம் ஒன்றைத் தயார் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். பத்து நாள் கண்ணாடி முன் நின்றேன். வலது கையைச் சட்டைப் பொத்தான்களுக்கு இடையே நுழைத்துக்கொண்டு, புருவத்தை நெரித்து, குரலைத் தடிக்கச் செய்து, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் சிரிப்புக்கு இடம்விட்டுப் பேசிப் பழகினேன்.

தேர்வு நாளன்று தாழ்வாரத்தில் பதினொரு பேர் காத்திருந்தோம். அவர்களில் ஐந்து பேருடைய வலது கை சட்டைக்குள் இருந்தது. என்னுடையதைச் சத்தமில்லாமல் வெளியே எடுத்துவிட்டேன். சுவரில் சாய்ந்தபடி நெடுநெடுவென்று ஒரு பெண் நின்றிருந்தார். அவர் எதையும் ஒத்திகை பார்க்கவில்லை. உள்ளே போய்வருகிற ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தனி வசனத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் இடம்விட்ட இடங்களிலெல்லாம் மின்விசிறியின் சத்தம் தெளிவாகக் கேட்டது. இயக்குநர் "நன்றி" என்று சொல்லிவிட்டு, என் படிவத்தைப் பார்த்து, "ஏன் நெப்போலியன்?" என்று கேட்டார். உயரத்தைக் காரணம் சொன்னேன்.

"அவர் குள்ளமே இல்லை. ஏறக்குறைய 168 சென்டிமீட்டர். அந்தக் காலத்து ஆணுக்கு அது குறைவான உயரம் கிடையாது. பிரெஞ்சு அங்குலம் பெரியது. அந்தக் கணக்கில் ஐந்தடி இரண்டு என்று குறித்ததை ஆங்கில அங்குலமாக எண்ணிக்கொண்டார்கள். மிச்சத்தை லண்டன் கேலிச்சித்திரக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள்."

அசடு வழிய நின்றேன்.

அடுத்தது, முன்பின் பார்க்காத காட்சியை இருவராகப் படிப்பது. ஐந்து நிமிடம் முன்னால்தான் தாளைக் கையில் கொடுத்தார்கள். 1809 காட்சிதான். நான் நெப்போலியன், அந்த நெடிய பெண் மெல்செல். பொம்மைக்குப் பதில் ஒரு காலி நாற்காலி. நான் உறுமினேன், துள்ளினேன், நாற்காலியைப் பார்த்துக் கண்ணை உருட்டினேன். யாரும் சிரிக்கவில்லை.

"அவர் தமாஷுக்காக ஏமாற்றவில்லை. எதிரி எவ்வளவு தூரம் பொறுப்பான் என்று பார்க்கிறார். போர்க்களத்தில் செய்ததையே பலகையிலும் செய்கிறார். வேடிக்கையை மறந்துவிட்டு மறுபடி படியுங்கள்" என்றார் இயக்குநர்.

இந்த இடத்தில் பலர் மனமுடைந்து போவார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இயக்குநர் மாற்றிச் செய்யச் சொன்னால், முதலில் செய்தது மோசம் என்றே பொருளாகாது. (என் விஷயத்தில் மோசம்தான், அது வேறு கதை.) சொன்னதைக் காதில் வாங்கி உடனே மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று பார்க்கிறார்கள். முதல்முறை நன்றாகச் செய்தவரையும் வேண்டுமென்றே வேறு மாதிரி செய்யச் சொல்வதை அன்றே பார்த்தேன். எட்டு வாரத்தில் பதினான்கு வேடங்களை நான்கு பேருக்குப் பங்கிட வேண்டியவருக்கு, வீட்டிலேயே வார்த்து எடுத்துவந்த நடிப்பால் பயனில்லை.

இரண்டாம் முறை குரலைத் தாழ்த்தினேன். காயைத் தவறான கட்டத்தில் வைத்துவிட்டு, கையை எடுக்காமல், காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்செலாக நின்ற அந்தப் பெண் ஒரு அடி முன்னே வந்து, தயங்கி, மறுபடி பின்னே போனார். மேசைக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்காக வந்ததன்று. அவருடைய பாதத்துக்காக வந்தது. ஆனாலும் நான் அமைதியாக இருந்ததால்தான் அந்தப் பாதம் அவர்கள் கண்ணில் பட்டது.

பிறகு வேடங்களை மாற்றினார்கள். அந்தப் பெண் நெப்போலியன். நான் பெட்டிக்குள் இருக்கும் ஆள். அந்தப் பாத்திரத்துக்கு அந்தக் காட்சியில் ஒரு வசனமும் இல்லை. மேசைக்கு அடியில் உட்காரச் சொன்னார்கள். நிஜப் பெட்டியில் காய்களின் அடியில் காந்தம் இருந்ததாம். பலகையின் அடிப்பக்கத்தில் நூலில் தொங்கிய சிறு காந்தங்கள் எந்தக் கட்டத்தில் ஒட்டுகின்றன, எங்கே விழுகின்றன என்று பார்த்துத்தான் உள்ளே இருப்பவர் ஆட்டத்தைப் புரிந்துகொள்வார். வெளிச்சம் ஒரு மெழுகுவர்த்தி மட்டுமே. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேசையின் அடிப்பலகையை அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்தார். காய் டொக் என்று விழும்போது என் கழுத்து தானாகத் திரும்பியது. அவர் ஏமாற்றியபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. மேசைக்கு அப்பால் சிரித்தார்கள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மூன்று நாள் கழித்து இரண்டாம் சுற்றுக்கு ஆறு பேரை அழைத்தார்கள். அது முழுக்க வேடம் மாறும் விளையாட்டு. ஒரு சால்வை, ஒரு தொப்பி, எட்டு விநாடி. பேரரசியாக உட்கார்ந்து பணியாளாக எழுந்திருக்க வேண்டும். குரலை மாற்றியவர்கள் திணறினார்கள். உடல் எடை எந்தக் காலில் நிற்கிறது என்பதை மாற்றியவர்கள் தப்பித்தார்கள். ஒத்திகைக்கு வர முடியாத நாள்களை மறைக்காமல் எழுதுங்கள் என்று இன்னொரு முறை நினைவூட்டினார்கள். நான்கு பேர் நாடகத்தில் ஒருவர் வரவில்லை என்றால் மூன்றரை வேடங்கள் வரவில்லை என்று கணக்கு.

ஞாயிறு காலை தொலைபேசி வந்தது. அந்த நெடிய பெண்தான் நெப்போலியன், மரியா தெரசா. எனக்குப் பெட்டிக்குள் இருக்கும் ஆளும், மூன்று பணியாள்களும். உயரம் குறைவு என்பதால்தானே என்று கேட்டுவிட்டேன். "அதனால் இல்லை. நிஜப் பெட்டிக்குள் இருந்தவர்கள் சாதாரண உயரமுள்ள தேர்ந்த ஆட்டக்காரர்கள். மேசைக்கு அடியில் நீங்கள் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதற்காகத்தான்" என்றார் இயக்குநர். என் உயரத்துக்கு இரண்டாவது தோல்வி. சரி என்று சொல்ல அரை நாள் அவகாசம் கேட்டுவிட்டு, ஐந்தே நிமிடத்தில் திரும்ப அழைத்துச் சொன்னேன்.

முதல் ஒத்திகையில் பெட்டி தயாராக இருந்தது. ஒட்டுப்பலகையில் செய்தது, மூன்றரை அடி நீளம், இரண்டடி அகலம். உள்ளே இறங்கி, முழங்கால்களை மடக்கி, சறுக்கும் பலகையில் உட்கார்ந்தேன். மெழுகுவர்த்திக்குப் பதில் ஒரு சிறிய மின்விளக்கு. கதவைச் சாத்தப் போன மேடை நிர்வாகி, "ஒரு நிமிடம்" என்று சொல்லிவிட்டுப் போய் என் விண்ணப்பப் படிவத்துடன் திரும்பி வந்தார். பதினோராவது கேள்விக்கு எதிரே நான் கையெழுத்திடவில்லையாம். பேனாவை வாங்கி, முதன்முறையாக அந்தக் கேள்வியை முழுதாகப் படித்துவிட்டு, முழங்காலின் மேல் தாளை வைத்துக் கையெழுத்திட்டேன்.