நார் கால்மிதிகள்: தட்டியதும் அலசியதும் உலர்த்தியதும்

எங்கள் வீட்டில் மூன்று கால்மிதிகள். வாசலில் முழுக்கத் தேங்காய் நார்க்கயிற்றில் பின்னியது, பின்வாசலில் அடியில் பிவிசி ஒட்டிய நார் மிதி, உள்ளறையில் சணல். மூன்றையும் சேர்த்து ஒரே வாளியில் முக்கி எடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அதனால் தனித்தனியாகவே எடுத்துக்கொண்டேன்.

தண்ணீரைத் தொடும் முன் தட்டல். சேறு ஈரமாக இருக்கும்போது கை வைத்தால் நாருக்குள் இன்னும் இறங்கிவிடும். காயவிட்டு, கவிழ்த்துப்போட்டு, முதுகுப்பக்கம் கம்பால் தட்டினால் பொலபொலவென உதிர்கிறது. பின்னல் மிதியின் அடியில் தரையிலும் அதே அளவு மண் கிடந்தது, அதையும் பெருக்க வேண்டும். பிவிசி மிதியில் மண் கீழே இறங்க வழியில்லை, நார்களின் அடிவேரிலேயே தங்குகிறது. அதற்கு வேக்குவம் கிளீனர்தான் சரிப்பட்டது. இவ்வளவிலேயே பாதி அழுக்கு போய்விட்டது.

வாசல் மிதியை மட்டும் குழாயடியில் போட்டு, கொஞ்சம் சோப்புத்தூள் தூவி, முரட்டு பிரஷால் பின்னல் ஓடும் போக்கிலேயே தேய்த்தேன். தேங்காய் நாரின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் லிக்னின், மரத்துக்கு உறுதி தரும் அதே பொருள். மட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறப்போட்டு நார் பிரிக்கும் வழக்கமே உண்டு. அவ்வளவையும் தாங்கியது ஒரு அலசலில் கெட்டுப்போகாது. அலசும்போது வந்த பழுப்பு நீர் முழுதும் அழுக்கில்லை, நாரிலிருந்து இறங்கும் டானின் சாயமும் அதில் உண்டு. வெளிர்நிறத் தரையில் கறை பிடிக்கும். அங்கே வைத்துக் கழுவ வேண்டாம்.

சணலில் லிக்னின் தேங்காய் நாரைவிட வெகு குறைவு. நனைந்தால் வலுவிழக்கும், ஈரம் ஏறிய இடத்தில் பழுப்பு வளையம் விழும். அதனால் சமையல் சோடாவை உலர்வாகத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் பிரஷால் தட்டி எடுத்தேன். மக்கல் வாடை போனது. எண்ணெய்க் கறை ஒன்று மங்கியிருக்கிறது, மறையவில்லை. பிளீச்சிங் பவுடரை நான் தொடவில்லை. அது லிக்னினைத்தான் தாக்கும், நார் மொரமொரத்து ஒடியும்.

உண்மையில் கழுவுவதைவிட உலர்த்துவதற்குத்தான் நேரமும் பொறுமையும் அதிகம் போயிற்று. மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், பின்னலுக்குள் விரலை நுழைத்தால் சில்லென்று இருக்கும். அந்த நிலையில் தரையில் விரித்தால் அடியில் பூஞ்சணம் நிச்சயம். சுவரில் சாய்த்து, அவ்வப்போது மேல்விளிம்பைக் கீழாக மாற்றி, காற்று ஓடும் நிழலில் வைத்தேன். நல்ல வெயில் வேகமாக உலர்த்தும்தான், ஆனால் நீண்ட நேரம் பட்டால் நார் வெளுக்கிறது, சணல் மஞ்சளாகிறது, பிவிசி இறுகி வெடிக்கிறது. பின்வாசல் மிதியைப் பிழிந்த துணியால் மட்டும் துடைத்தேன். தண்ணீர் ஊற்றினால் வடிய இடமில்லை.

நீட்டிக்கொண்டிருந்த நார்களைக் கத்தரியால் நறுக்கிவிட்டேன். இழுத்தால் பக்கத்துப் பின்னலும் தளரும். புது மிதியில் பொடிநார் உதிர்வது இயல்பு, சில வாரங்களில் குறைந்துவிடும்.

சணல் மிதியின் ஓரம் பிரிய ஆரம்பித்திருக்கிறது. அடுத்து அதைத் தடித்த பருத்தி நூலால் சுற்றித் தைக்கப் போகிறேன். வாசல் மிதிக்கு அடியில் காற்றுப் போக ஒரு பிளாஸ்டிக் வலை வைத்துப் பார்க்கும் எண்ணமும் இருக்கிறது.